25 பெண்களும் ஒரு சட்டப் பிரிவும்

[திரையில்: பரங்கிமலை, அணிவகுப்பு மைதானம்]

சென்னை விமான நிலையத்துக்குப் போகிற வழியில் பரங்கிமலையைக் கடந்திருப்பீர்கள். ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி அங்கேதான் இருக்கிறது. 1992 செப்டம்பரில் 25 பெண்கள் அதற்குள் நுழைந்தார்கள். அவர்களில் 001 என்ற எண் பிரியா ஜிங்கனுக்கு. சட்டம் படித்தவர், காவல்துறை அதிகாரியின் மகள். பெண்களை ஏன் சேர்ப்பதில்லை என்று ராணுவத் தலைமைத் தளபதிக்கே கடிதம் எழுதியவர். ஓரிரு ஆண்டுகளில் சேர்க்கப் போகிறோம் என்று தளபதி ரோட்ரிக்ஸிடமிருந்து பதிலும் வந்தது.

அதுவரை தடுத்தது எது? 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. மத்திய அரசு அறிவிக்கிற ராணுவப் பிரிவுகளைத் தவிர வேறெதிலும் பெண்கள் சேர முடியாது என்கிறது அது. 1992 ஜனவரி 30 அன்று அறிவிக்கை வந்தது. தபால், சட்டம், கல்வி, தளவாடம், உணவு வழங்கல் என்று ஒரு பட்டியல்; அதுவும் ஐந்தாண்டுப் பணிதான். பட்டியலில் போர்முனை எதுவும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பிரியா காலாட்படையைக் கேட்டார். சட்டப் பிரிவைக் கொடுத்தார்கள்.

[திரையில்: பளுதூக்கும் மேடை, சிட்னி, 2000]

பெண்களுக்கான பளுதூக்குதல் ஒலிம்பிக்கில் சேர்ந்ததே அந்த ஆண்டில்தான். 69 கிலோ பிரிவில் ஸ்ரீகாகுளத்துக் கர்ணம் மல்லேஸ்வரி முதலில் 110, அடுத்து 130 என மொத்தம் 240 கிலோ தூக்கியிருந்தார். கடைசி வாய்ப்பில் 137.5 கிலோவைக் கேட்டார். தூக்க முடியவில்லை. தங்கமும் வெள்ளியும் 242.5 கிலோவுக்குப் போயின. இரண்டரைக் கிலோ, மளிகைக் கடையில் ஒரு கையில் வாங்கி வருகிற எடை! ஆனாலும் ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். எவ்வளவில் தவறியது என்பதாவது அங்கே எல்லோருக்கும் தெரிந்தது.

ராணுவத்தில் அளவுகோல் வேறு மாதிரி. பெண் அதிகாரிகளின் நிரந்தரப் பணி வழக்கில், கிராமத்திலிருந்து வரும் வீரர்கள் பெண்ணின் கட்டளையை ஏற்க மனத்தளவில் தயாராக இல்லை என்று அரசுத் தரப்பு வாதாடியது. அம்மாவும் ஆத்தாளும் போட்ட சத்தத்துக்கு அடங்கி வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியா இப்படி? 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளுபடி செய்தது.

[திரையில்: காற்றில் உடையும் களிமண் தட்டு]

பறக்கும் தட்டைச் சுடுகிற ட்ராப் போட்டியில் தேர்ந்தவர் ப்ரீத்தி ரஜக். அந்தத் திறமையால்தான் 2022-இல் ராணுவக் காவல் படையில் ஹவில்தார் ஆனார். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அணிப் பிரிவில் வெள்ளி வென்றார்; அடுத்த ஜனவரியில் பதவி உயர்வு பெற்று ராணுவத்தின் முதல் பெண் சுபேதார் ஆனார்.

புனே அருகே தேசியப் பாதுகாப்பு அகாடமியில் 2025 மே மாதம் முதன்முறையாக 17 பெண்கள் பயிற்சி முடித்தார்கள். பிரியா கேட்ட காலாட்படை அவர்களுக்கும் அப்போது திறந்திருக்கவில்லை.