‘ஓடைக்கு வடக்கு’ என்றால் ஓடை எந்தப் பக்கம்? நேயர் கேள்விக்குப் பதில்

அனைவருக்கும் வணக்கம். போன வாரம் தாய்ப்பத்திரத்தைப் பற்றி, அதாவது ஒரு சொத்தின் பழைய மூலப் பத்திரத்தைப் பற்றிப் பேசினேன். அதற்கு வந்த கேள்விகளில் முக்கால்வாசி பட்டா பெயர் மாற்றம் பற்றியவை. அவற்றுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். மூன்று நாளாக அது என்னை விடவே இல்லை.

திண்டிவனம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார்கள். “ஐயா, நீங்கள் மனை விற்றுக்கொண்டிருந்தவர் என்று முன்பு ஒருமுறை சொன்னீர்கள். பிறகு எப்படி ஆலோசகர் ஆனீர்கள், எப்படிப் பத்திரிகையில் எழுத வந்தீர்கள்? என் மகன் பட்டப்படிப்பு முடித்துவிட்டு இந்தத் தொழிலுக்குத்தான் வருவேன் என்கிறான். அவனை என்ன படிக்கச் சொல்லட்டும்?”

அம்மா, இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மனை விலை ஏறுமா இறங்குமா என்று கேட்பவர்கள் ஆயிரம் பேர். இந்த வேலையைப் படித்துவிட்டு வர வேண்டும் என்று நினைக்கிற ஒரு தாயை இப்போதுதான் பார்க்கிறேன்.

2004-இல் தாம்பரத்தில் ஒரு மனை விற்பனை நிறுவனத்தில் சேர்ந்தேன். சம்பளம் கிடையாது, விற்றால் கமிஷன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வேன் புறப்படும். பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டைத் தாண்டிப் போவோம். எலுமிச்சை சாதப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், வண்ணத்தாளில் அச்சடித்த வரைபடம். சாயங்காலம் வேன் திரும்புவதற்குள் ஒருவரிடமாவது முன்பணம் வாங்கிவிட வேண்டும். சதுர அடி என்ன விலை, ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை எவ்வளவு தூரம், எத்தனை தவணை, இவை எனக்கு மனப்பாடம். சர்வே எண் என்பது பத்திரத்தில் நிரப்ப வேண்டிய ஓர் எண். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்தார். எல்லோரும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் தாய்ப்பத்திரத்தின் நகல் வேண்டும் என்றார். கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போனார். படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: “தம்பி, இதிலே ‘ஓடைக்கு வடக்கு’ என்று போட்டிருக்கிறது. ஓடை எங்கே?”

செம்மண் கொட்டிச் சமப்படுத்திய தரை. வெள்ளையடித்த கற்கள் வரிசையாக நின்றன. ஓடை இருந்ததற்கு ஒரு சுவடும் இல்லை. “வடக்குப் பக்கம் இருக்கும் ஐயா” என்று நான் வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தெற்கே நடக்க ஆரம்பித்தார். எனக்குப் புரியவில்லை, பின்னாலேயே போனேன். மனைப்பிரிவு முடிகிற இடத்தில் பழைய தார்ச் சாலை. அதன் அடியில் ஒரு சிறு பாலம், நான்கு அடி அகலம் இருக்கும். பாலத்துக்கு மேற்புறம் புதர். கீழ்ப்புறம் நாங்கள் கொட்டிய மண். “ஓடை இங்கே இருந்தது” என்றார். மனை வாங்காமலே வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அவர் ஏன் தெற்கே நடந்தார்? இதை இந்தப் பக்கத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். பழைய நேயர்களுக்குத் தெரியும், ஆனாலும் மறுபடியும் சொல்கிறேன். பத்திரத்தின் சொத்து விவரத்தில் சக்குபந்தி என்று ஒரு பகுதி வரும், நான்கு எல்லைகள். அதில் ‘ஓடைக்கு வடக்கு’ என்று எழுதியிருந்தால், ஓடைக்கு வடக்கே நம் நிலம் கிடக்கிறது என்று பொருள். அப்படியானால் ஓடை நமக்குத் தெற்கே. ‘வண்டிப்பாதைக்கு மேற்கு’ என்றால் வண்டிப்பாதை நமக்குக் கிழக்கே. பத்துப் பேரிடம் பத்திரத்தைக் கொடுத்தால் ஏழெட்டுப் பேர் இதைத் தலைகீழாகத்தான் படிக்கிறார்கள். பத்திரத்தை வீட்டு மேசையில் வைத்துப் படித்தால் அந்தத் தவறு கடைசி வரை தெரியவே தெரியாது. நிலத்தில் நின்று படித்தால் இரண்டாவது எல்லையிலேயே பிடிபட்டுவிடும்.

அதே மனைப்பிரிவில் நான் நான்கு மனைகள் விற்றிருக்கிறேன். 2015 மழையில் அங்கே இடுப்பளவு தண்ணீர் நின்றது. வாங்கியவர்களில் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். திட்டவில்லை. “ஓடை இருந்தது உங்களுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். தெரியும் என்று சொன்னேன். அந்தப் பெரியவர் வந்துபோன பிறகும் நான் இரண்டு மனை விற்றிருந்தேன், அதையும் சொன்னேன். அம்மா, நான் ஆலோசகராக மாறியதற்குக் காரணம் கேட்டீர்களே, அந்தத் தொலைபேசி அழைப்புதான். அதற்குப் பிறகு விற்பவரிடம் கமிஷன் வாங்குவதை விட்டுவிட்டேன். வாங்குபவரிடம் ஆலோசனைக் கட்டணம் மட்டும் வாங்குகிறேன்.

எழுத வந்த கதை சிறியது. 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மாநிலம் முழுவதும் பதறியது. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற ஒரு முத்திரையை நம்பி ஆயுள் சேமிப்பைப் போட்டவர்கள் எத்தனை பேர்! ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்டால் மட்டும் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் வந்துவிடாது. நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப அனுமதி வேண்டும், சென்னைப் பெருநகர்ப் பகுதியென்றால் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் அனுமதி வேண்டும். இதை இரண்டு பக்கம் விளக்கி ஒரு நாளிதழுக்குக் கடிதமாக அனுப்பினேன். வாரம் ஒன்று எழுதுங்கள் என்று ஆசிரியர் சொன்னார். 2017-இல் அங்கீகாரம் இல்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தபோது, 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்கு அது பொருந்தும் என்பதை மட்டும் நான்கு வாரம் எழுத வேண்டியிருந்தது, அத்தனை கடிதங்கள் வந்தன.

அந்தக் கடிதங்களில் ஒன்றைச் சொல்கிறேன். செஞ்சிப் பக்கத்தில் ஒரு குடும்பம். 1968-இல் அண்ணன் தம்பி இருவரும் பாகப்பிரிவினை செய்துகொண்டார்கள். அண்ணன் பங்கு ‘பொதுக் கிணற்றுக்குக் கிழக்கு’, தம்பி பங்கு ‘பொதுக் கிணற்றுக்கு மேற்கு’. அண்ணன் பிள்ளைகள் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். பேரன் திரும்பி வந்து பத்திரத்தைப் படித்தான். கிணறு நம் நிலத்துக்குக் கிழக்கே இருக்கிறது, ஆகவே மேற்குப் பாதி நம்முடையது என்று முடிவு கட்டிவிட்டான். மேற்குப் பாதிதான் சாலையை ஒட்டியது, விலையும் அதற்குத்தான். தம்பி வீட்டார் ஐம்பது ஆண்டாக அதில் மணிலாக் கடலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வக்கீல் நோட்டீஸ் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த வீட்டு மருமகள் எனக்கு எழுதினார். நேரில் போனேன். இரண்டு வீட்டாரையும் கிணற்று மேட்டில் நிற்க வைத்து, பேரனையே உரக்கப் படிக்கச் சொன்னேன். ‘கிணற்றுக்குக் கிழக்கு.’ கிணற்றடியில் நின்றுகொண்டு கிழக்கே கையைக் காட்டுங்கள் தம்பி என்றேன். கை நீண்டதும் அவன் முகம் மாறிவிட்டது. அன்றைக்கு மதியம் இரண்டு வீட்டாரும் ஒரே திண்ணையில் சாப்பிட்டார்கள். எனக்குக் கிடைத்த கட்டணங்களிலேயே பெரியது அந்தச் சாப்பாடு.

பரப்பளவு ஒன்று சொல்லி, நான்கு எல்லை வேறொன்று சொன்னால், நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைகளுக்கே அதிக எடை தருகின்றன. அதனால்தான் செண்ட் கணக்கைப் பார்ப்பதற்கு முன்னால் சக்குபந்தியைப் பாருங்கள் என்று விடாமல் சொல்கிறேன்.

வேறு என்ன ஆர்வம் என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள். கல்வெட்டும் செப்பேடும் படிப்பேன். அதுவும் தொழிலோடு ஒட்டியதுதான். நாகப்பட்டினத்தில் இருந்த சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அந்தச் செப்பேடு பிற்காலத்தில் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போனதால் லைடன் செப்பேடு என்று பெயர் பெற்றது. அதில் நிலத்தின் எல்லையை எப்படி வரையறுத்தார்கள் தெரியுமா? பெண் யானையை நடக்க விட்டு, அது சுற்றி வந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். எல்லையைச் சொல்லும் விதத்தைப் பாருங்கள்: கீழ்பாற்கெல்லை (கிழக்கு எல்லை) இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, தென்பாற்கெல்லை இன்ன நிலத்துக்கு வடக்கு. சோழர் காலச் சாசனங்களில் திரும்பத் திரும்ப வருகிற நடை இது. நம் சக்குபந்தியேதான்! ஆயிரம் ஆண்டாகத் தமிழில் நிலத்தின் எல்லையை ஒரே மாதிரிதான் எழுதி வந்திருக்கிறோம். அவர்கள் கீழ்பாற்கெல்லை என்று திசையையும் சேர்த்துச் சொன்னார்கள், குழப்பமே இல்லை. பிற்காலத்துப் பத்திர எழுத்தர்கள் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டார்கள், செஞ்சிக் குடும்பம் வக்கீல் நோட்டீஸ் வரை போனது.

அம்மா, இனி உங்கள் மகனுக்கு வருகிறேன். ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்த திட்டங்களில் மனையோ வீடோ விற்றுத்தரும் முகவரும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவை முதலில் வாங்கிக்கொள்ளட்டும். அதற்கு அதிக நாள் ஆகாது. படிக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. பழைய நில அளவையில் 66 அடி ஒரு சங்கிலி, அதில் 100 லிங்க், 1000 சதுர லிங்க் ஒரு செண்ட், அதாவது 435.6 சதுர அடி. இது தெரிந்தால் பழைய புல வரைபடம் தானாகவே பேச ஆரம்பிக்கும். வருவாய்த் துறைக் கணக்கில் வரும் பசலி ஆண்டோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும், ஜூலை மாதத்திலிருந்து. கிராமத்தின் சாகுபடிக் கணக்கான பழைய அடங்கலைத் திறந்ததும் இது வேண்டும்.

அதற்கு மேல், ஒரு கிராமத்து நிலங்களைச் சர்வே எண் வாரியாகக் காட்டும் அ-பதிவேட்டின் குறிப்புப் பத்தியைப் படிக்கத் தெரிய வேண்டும். இதை அழுத்தமாகவே சொல்கிறேன். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணை வந்தது. பத்து ஆண்டு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அந்த மக்களுக்குள்ளேயே கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. அதுதான் பஞ்சமி நிலம். ஒரு நிலம் அப்படிப்பட்டதா என்று பார்க்க வேண்டிய இடம்தான் அந்தக் குறிப்புப் பத்தி. அதில் எவ்வளவோ ஏக்கர் இன்று யார் யார் கையிலோ இருக்கிறது. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காக 1994-இல் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அப்படிப்பட்ட நிலத்தை மனையாகப் பிரித்துக் கமிஷன் பேச ஒருவர் உங்கள் மகனிடமும் ஒருநாள் வருவார். அந்தப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்திருந்தால்தான் அன்றைக்கு அவன் எழுந்து வெளியே போக முடியும்.

இப்போதைக்கு ஒரு வேலை மட்டும் கொடுக்கிறேன். உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அவன் வாசலில் நிற்கட்டும். நான்கு எல்லையையும் உரக்கப் படித்து, ஒவ்வொன்றையும் நடந்துபோய்த் தொட்டுவிட்டு வரட்டும். பத்திரம் எழுதிய நாளிலிருந்து பக்கத்து வீடுகள் கைமாறியிருந்தால், இப்போது யாருடையவை என்று விசாரித்து ஒரு தாளில் குறிக்கட்டும். அந்தத் தாளோடு அடுத்த மாதம் என்னை வந்து பார்க்கச் சொல்லுங்கள் அம்மா.