பதினொன்றாவது ஆள்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் வேலை பார்த்த ஒன்பது வருடமும் நான் ஒரு கிரிக்கெட் கிளப்பில் ஆடினேன். அதில் ஆறு வருடம் செயலாளர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். கிட் பையை வைத்துக்கொள்ள யார் வீட்டில் இடம் இருந்ததோ அவர்தான் செயலாளர். அந்தப் பை என் படுக்கையறை மூலையில் ஒரு ஆள் குந்தியிருப்பதுபோல் ஆறு வருடம் இருந்தது. வியர்வையில் நனைந்து காயாத கிளவுஸின் வாசனை எப்படி இருக்கும் என்பதை வானொலி வழியாக உங்களுக்கு அனுப்ப முடியாது. நல்லவேளை.

செயலாளருக்கு வேலை புதன்கிழமை இரவு ஆரம்பிக்கும். வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி போடுவேன்: "ஞாயிறு யார் யார்?" குழுவில் நாற்பது பேர் இருப்பார்கள். முதல் ஏழு பெயர் பத்து நிமிடத்தில் வந்துவிடும். எட்டாவது ஆள் வியாழக்கிழமை சொல்வார். ஒன்பதும் பத்தும் வெள்ளிக்கிழமை. அந்தப் பதினொன்றாவது ஆள் இருக்கிறாரே, அவரைத் தேடியே என் சனிக்கிழமைகள் கரைந்தன. ஒருவருக்குத் திடீரென்று ஷிஃப்ட் மாறிவிடும். ஒருவருக்கு அன்றைக்குத்தான் வீடு மாற்றம். "வரலாம், வராமலும் போகலாம்" என்று எழுதுகிற ஒருவர் எல்லாக் கிளப்பிலும் உண்டு. அவரைக் கணக்கில் சேர்த்தால் வர மாட்டார். விட்டுவிட்டால் பேடு கட்டிக்கொண்டே வந்து நிற்பார்.

இப்படித் திரட்டிய அணியில் யார்தான் இல்லை? கணினி முன்னால் உட்காருகிறவர், டாக்சி ஓட்டுகிறவர், ஆராய்ச்சி மாணவர், பள்ளி ஆசிரியர். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து நேரே மைதானத்துக்கு வந்து, முதல் ஸ்லிப்பில் நின்றபடியே தூங்குகிற ஒருவர். இந்தியர், இலங்கையர், பாகிஸ்தானியர், ஆப்கானியர், இரண்டு ஆஸ்திரேலியர்கள். பதினேழு வயதிலிருந்து ஐம்பத்தெட்டு வரை.

சரி, ஆள் சேர்ந்தாயிற்று. எங்கே ஆடுவது?

கிரிக்கெட் தெரியாத ஊரில் கிரிக்கெட் மைதானம் இருக்காது. நகராட்சியின் கால்பந்து மைதானத்தை ஞாயிறு காலை மட்டும் கெஞ்சி வாங்கினோம். அனுமதி கேட்கப் போனபோது அந்த அதிகாரி, "பந்து எதனால் ஆனது?" என்று கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தேன். அந்தத் தவறை இன்னொரு தடவை செய்ய மாட்டேன். நூற்று அறுபது கிராம் எடை, உள்ளே தக்கை, வெளியே தைத்த தோல். அவர் அதை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். கல்லைத் தட்டியதுபோல் சத்தம் கேட்டது. அனுமதி வர நான்கு மாதம் ஆயிற்று.

கால்பந்து மைதானத்தில் ஆடுவதில் ஒரு கணக்கு இடிக்கும். பெரிய ஆட்டங்களுக்கான கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நடுவில் நீளவாக்கில் பிட்ச் போட்டால் பக்கவாட்டில் கோடு 34 மீட்டரில் வந்துவிடும். ஆண்கள் சர்வதேச கிரிக்கெட்டில் பவுண்டரி குறைந்தது 59 மீட்டராவது இருக்க வேண்டும். ஆகவே எங்கள் மைதானத்தில் மட்டையின் விளிம்பில் பட்ட பந்துகூட சிக்ஸர் போகும். அந்தப் பக்கம் வீடுகள். "வேலி தாண்டினால் அவுட்" என்று நாங்களே சட்டம் போட்டோம். தெருவில் ஆடி வளர்ந்தவர்களுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. ஆஸ்திரேலியர்களுக்குத்தான் புரியவைக்க வேண்டியிருந்தது.

அப்புறம் மேட். கால்பந்துப் புல்லில் பந்தை நேராகக் குத்த முடியாது. எது எங்கே எழும்பும் என்று சொல்ல முடியாது. அதனால் தென்னை நாரில் பின்னிய நீளமான பாயைப் பிட்சுக்குரிய இருபத்திரண்டு கஜத்துக்கு விரிப்போம். அதைச் சுருட்டித் தூக்கவே நான்கு பேர் வேண்டும். ஒரு முனையை ஆணியடித்து நிறுத்திவிட்டு, மறு முனையை நான்கு பேர் பின்னால் சாய்ந்து இழுக்க வேண்டும். எவ்வளவு இழுக்கிறோம் என்பதில்தான் அன்றைய ஆட்டமே இருக்கிறது. விறைப்பாக இழுத்தால் பந்து மார்பு உயரத்துக்கு எழும்பும். தொய்வாக விட்டால் பந்து நாரைக் கவ்வித் தேங்கி நிற்கும், சுழற்பந்து வீச்சாளருக்குக் கொண்டாட்டம். எங்கள் கேப்டன் சுழற்பந்து வீச்சாளர். டாஸ் தோற்ற நாட்களில் அவர் மட்டும் அவ்வளவு முக்கி இழுத்ததாக எனக்கு நினைவில்லை.

பாயைப் பிடித்து நிறுத்த ஆறங்குல ஆணிகள், மொத்தம் இருபத்து நான்கு. ஆட்டம் முடிந்ததும் இருபத்து நான்கும் திரும்பி வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தால், மறுநாள் கால்பந்து ஆட வரும் ஏதோ ஒரு பையனின் முழங்காலில் அது இருக்கும். ஒரு நவம்பர் மாலை எண்ணிப் பார்த்தால் இருபத்து மூன்றுதான் இருக்கிறது. இருட்டிவிட்டது. ஜெயித்தவர்கள், தோற்றவர்கள், இரண்டு அணியும் சேர்ந்து வரிசையாகத் தவழ்ந்து, செல்போன் வெளிச்சத்தில் புல்லைத் தடவினோம். அரை மணி நேரம் கழித்து அந்த ஆணி எங்கள் விக்கெட் கீப்பரின் கால்சட்டைப் பையில் கிடைத்தது. கூடவே தவழ்ந்து தேடியவர்களில் அவரும் ஒருவர்.

அம்பயரும் நாங்களேதான். மட்டை பிடிக்கிற அணியிலிருந்து, அவுட்டான இரண்டு பேர் போய் நிற்க வேண்டும். சொந்த அணிக்காரனுக்கே எல்பிடபிள்யூ கொடுக்கிற தைரியம் எல்லோருக்கும் வராது. நான் ஒரு தடவை கேப்டனுக்குக் கொடுத்தேன். பந்து நேராகப் போய் நடு ஸ்டம்பை அடித்திருக்கும், சந்தேகமே இல்லை. விரலைத் தூக்கிவிட்டேன். என்னைத் தாண்டிப் போகும்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மூன்று ஞாயிறு நான் பதினொன்றாவது ஆளாக இறங்கினேன்.

ரன் ஓடுவதற்கு "யெஸ்", "நோ", "வெயிட்" மூன்றே சொல் என்று பேசி வைத்திருந்தோம். பேசி வைத்ததெல்லாம் அவசரத்தில் எங்கே நினைவுக்கு வரும்? ஒரு ஆட்டத்தில் பந்து ஃபீல்டர் கையிலேயே இருக்கிறது, எதிர்முனையில் என் ஆப்கான் கூட்டாளி கிளம்பிவிட்டார். நான் "இரு, இரு, இரு!" என்று கத்தினேன். நான் கத்தக் கத்த அவர் இன்னும் வேகமாக ஓடி வந்தார். இரண்டு பேரும் ஒரே முனையில் நின்றோம். யார் அவுட் என்பதைச் சொல்ல விரும்பவில்லை.

இதெல்லாம் சமாளித்துவிடலாம். வெளிநாட்டுக் கிளப்புக்கு உண்மையான தலைவலி வேறு. ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். ஒருவருக்கு வேலை ஒப்பந்தம் முடியும், ஒருவருக்கு விசா முடியும், ஒருவருக்குப் படிப்பு முடியும். இரண்டு சீசன் சேர்ந்து ஆடி, அவர் எங்கே பந்து போடுவார் என்று கீப்பருக்குக் கை பழகுகிற நேரத்தில், "அடுத்த மாதம் கிளம்புகிறேன்" என்பார். முதல் ஆட்டத்தின் ஸ்கோர் புத்தகம் பையிலேயே கிடந்தது. ஐந்தாவது வருடம் அதை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பதினொரு பேரில் ஊரில் மிச்சம் நான் ஒருவன்தான்.

இது இன்று நேற்றுத் தொடங்கியதும் இல்லை. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் இருந்தது. மொத்தமே ஒரு ஆட்டம்தான். பிரிட்டன் சார்பில், இங்கிலாந்து மாவட்டங்களான டெவனும் சோமர்செட்டும் சேர்ந்த ஒரு சுற்றுலா அணி. பிரான்ஸ் சார்பில் ஆடியவர்களில் பெரும்பாலானோர் பாரிஸில் பிழைக்க வந்த ஆங்கிலேயர்கள்! வெளிநாட்டு ஊழியர் கிளப் ஒன்று, குடியிருந்த நாட்டின் பெயரால் ஒலிம்பிக் ஆடியிருக்கிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். ஆடிய இடம் வான்சென் சைக்கிள் பந்தய அரங்கம். அவர்களுக்கும் மைதானப் பிரச்சினைதான். பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர் வேறு. பதினொன்றுக்கே நான் திண்டாட, அவர்கள் பன்னிரண்டாவது ஆளை எங்கிருந்து பிடித்தார்களோ! பிரான்ஸ் இரண்டாவது இன்னிங்ஸில் 26 ரன்னுக்குச் சுருண்டு, 158 ரன்னில் தோற்றது. ஆட்டம் முடிய ஐந்தே நிமிடம் இருந்ததாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. இத்தாலியின் ஏசி மிலன் அணியை அறியாத கால்பந்து ரசிகர் இருக்க மாட்டார். 1899இல் ஹெர்பர்ட் கில்பின் என்ற ஆங்கிலேயரும் அவர் கூட்டாளிகளும் அதைத் தொடங்கியபோது 'மிலன் ஃபுட்பால் அண்ட் கிரிக்கெட் கிளப்' என்றுதான் பெயர் வைத்தார்கள். ஊரை இத்தாலியர்கள் மிலானோ என்பார்கள். கிளப் மட்டும் இன்றைக்கும் ஆங்கிலத்தில் மிலன்தான். 1893இல் பிறந்த ஜெனோவா கிளப்பின் பெயரிலும் கிரிக்கெட் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயரோடு சரி. உள்ளூர்ப் பையன்கள் கால்பந்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. கால்பந்தை உதைத்துக் காட்டினால் போதும். கிரிக்கெட்டை உட்கார்ந்து விளக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் அதற்கு மெனக்கெட்டோம்?

நாங்களும் முதல் இரண்டு வருடம் மெனக்கெடவில்லை. ஒரே மொழி பேசுகிறவர்களாகச் சேர்ந்திருந்தோம். முதல் வருடம் தேனாக இனித்தது. இரண்டாம் வருடம் யார் கேப்டன் என்ற சண்டையில் கிளப் இரண்டாகி, இரண்டிலும் ஏழு ஏழு பேராக நின்றோம். அந்த ஏழு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எந்த மொழிக்காரர் வந்தாலும் சேர்த்துக்கொள்ளக் கதவைத் திறந்தோம். ஒருவர் மூன்று வருடம் குடியிருந்தால் அந்த நாட்டுக்காகவே ஆடலாம் என்பது சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசியின் விதி. எங்கள் பையன் ஒருவன் தேசிய அணித் தேர்வுக்குப் போய் வந்தான். தேர்வாகவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவன் மட்டையைப் பையில் வைக்கிற விதமே மாறிப்போயிற்று. 2024 ஜூனில் அமெரிக்கா பாகிஸ்தானைத் தோற்கடித்தபோது சமனான ஆட்டத்துக்கு முடிவு காட்டும் சூப்பர் ஓவரை வீசிய சௌரப் நேத்ராவல்கர் மென்பொருள் பொறியாளர். மும்பையில் பிறந்தவர், படிக்க என்று அமெரிக்கா போனவர். அந்த ஓவரை முழுக்க நின்றுகொண்டேதான் பார்த்தோம்.

ஞாயிறுதோறும் வேலியோரம் நாயோடு நடந்துபோகிற உள்ளூர்க்காரர் ஒருவர் இருந்தார். முதலில் நின்று பார்த்தார். பிறகு கேள்வி கேட்டார். பிறகு பாயின் ஒரு முனையைப் பிடித்தார். ஒரு வாரம் பத்துப் பேர்தான் வந்திருந்தோம். "நிற்கிறீர்களா?" என்றேன். நாயை ஸ்கோர் எழுதுகிறவரின் நாற்காலியில் கட்டிவிட்டு மிட் ஆனில் நின்றார். மூன்றாவது ஓவரில் ஒரு கேட்ச் அவர் கைக்கே போயிற்று. பிடித்துவிட்டார். பந்தை நெஞ்சோடு அணைத்தபடி அசையாமல் நிற்கிறார். நாங்கள் கத்திக்கொண்டு ஓடினால், "இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார்.

நான் ஊர் திரும்பும்போது பையை அவர் வீட்டில்தான் இறக்கிவைத்தேன். விசா முடிகிற கவலை இல்லாதவர் எங்களில் அவர் ஒருவர்தானே. ஆணிகளை எண்ணிக் கொடுத்தேன், இருபத்து நான்கு.

வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை இன்னும் யாரும் எடுக்கவில்லை. புதன் இரவு ஆனால் போன் சிணுங்கும். அவர்தான். போன வாரம் வெள்ளி இரவு வரைக்கும் பத்துப் பெயர்தான் வந்திருந்தது. சனிக்கிழமை மதியம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அப்போதும் பத்துதான்.