நஞ்சைவிடக் காப்பைப் பாருங்கள்

(ஏற்காட்டில் காபித் தோட்டக்காரர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோட்டக்காரப் பெருமக்களே, வணக்கம்.

கூழ் நீக்கிய காபிக் கொட்டையைத் தொட்டியில் ஊறப்போடுகிறீர்கள். வழவழப்பு கழன்றதும் கழுவிக் களத்தில் உலர்த்துகிறீர்கள். அதற்குள் அந்தத் தொட்டியில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஒரே சர்க்கரைக்குப் போட்டியிட்டு முடித்திருக்கும். நுண்ணுயிர்ப் போட்டிகளில் கொடியது பங்காளிச் சண்டை. ஒரே இனத்தின் இரண்டு வகைகளுக்கு ஒரே உணவும் ஒரே இடமும் தேவைப்படும்போது அது மூள்கிறது.

1925-இல் பெல்ஜிய அறிஞர் ஆந்த்ரே கிராசியா, ஈ.கோலை பாக்டீரியாவின் ஒரு வகை சுரக்கும் பொருள் இன்னொரு வகையை ஒடுக்குவதைக் கண்டார். அத்தகைய நஞ்சுப் புரதங்களைக் கோலிசின் என்கிறோம். அவற்றில் ஈ9 என்பது, வைட்டமின் பி12 நுழையும் வாயிலைப் பற்றிக்கொண்டு எதிரிக்குள் புகுந்து டி.என்.ஏ.வை வெட்டுகிறது.

அப்படியானால் தயாரிப்பவன் எப்படிப் பிழைக்கிறான்? நஞ்சின் மரபணுவை அடுத்தே காப்புப் புரதத்தின் மரபணுவும் இருக்கிறது. 86 அமினோ அமிலங்களே கொண்ட இந்தச் சிறு புரதம், நஞ்சு உருவானதுமே அதைக் கவ்விக்கொள்கிறது. புரதங்களுக்கிடையே அறியப்பட்ட மிக வலுவான பிணைப்புகளில் இது ஒன்று. வெட்டும் இடத்தை அது மூடுவதுகூட இல்லை. பக்கத்தில் அமர்ந்து டி.என்.ஏ. நெருங்காமல் தடுக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத் தீரவில்லை.

ஈ2 என்ற உறவு நஞ்சுக்கும் இதைப் போன்ற காப்பு உண்டு. பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஈ9-ஐ ஈ2-இன் காப்பு பிடிக்கும் வலு பல லட்சம் மடங்கு குறைவு. நஞ்சை வெளியேற்றும் செல்லோ வெடித்து மடிகிறது. அதே காப்பை உடைய உடன்பிறப்புகள் பிழைக்கின்றன. பாக்டீரியாவுக்கு உறவு எது, பகை எது என்று தீர்மானிப்பது நஞ்சல்ல, காப்புதான்.

உங்கள் தொழிலுக்கு இதில் என்ன இருக்கிறது? ரோஜா, பீச், பிளம் செடிகளின் வேர்க்கழுத்தில் கழலை உண்டாக்கும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவை, ஆஸ்திரேலியாவில் ஆலன் கெர் என்ற அறிஞர் அதன் பங்காளியான, நோய் உண்டாக்காத கே84 என்ற வகையைக் கொண்டே அடக்கினார். 1973 முதல் அங்குள்ள விவசாயிகள் அதைப் பயன்படுத்தினார்கள். கே84-இன் நஞ்சு புரதமன்று, சிறு மூலக்கூறு. எதிரி புரதம் தயாரிக்கத் தேவையான ஒரு நொதியை அது முடக்குகிறது. கே84-இடமோ அந்த நஞ்சுக்கு மசியாத இன்னொரு நொதி இருக்கிறது. அந்த நொதிதான் அதன் காப்பு.

ஆனால் நஞ்சுக்கும் காப்புக்குமான மரபணுக்கள் ஒரே பிளாஸ்மிடில், அதாவது பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் ஒரு சிறு டி.என்.ஏ. வளையத்தில், இருந்தன. அந்த பிளாஸ்மிட் நோய்க்கிருமிக்கே தாவக்கூடியது. தாவிவிட்டால் எதிரியின் கையில் காப்பு! அதனால் தாவலுக்கான பகுதியை வெட்டி நீக்கி, கே1026 என்ற வகையை 1980-களில் உருவாக்கினார்கள். கொல்லும் திறன் குறையவில்லை. காப்பு மட்டும் கைமாறாமல் நின்றது.

உங்களிடம் யாரேனும் நுண்ணுயிர்ப் பொடியோ கரைசலோ விற்க வந்தால், எவ்வளவு நோயைக் கொல்லும் என்பதோடு நிறுத்தாதீர்கள். அதன் காப்பு நோய்க்கிருமிக்குத் தாவுமா என்றும் கேளுங்கள்.