பங்குனியில் ஆறுமணிக் குருவி எங்கே போகிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "வெளிநாட்டு வீடியோக்களில் வசந்தம் வந்ததும் பறவைகள் தோட்டத்துக்குத் திரும்பி வந்துவிட்டன என்று கொண்டாடுகிறார்கள். எங்கள் தோட்டத்திலோ ஐப்பசியிலிருந்து இருந்த ஆறுமணிக் குருவியை, பங்குனி பாதியிலிருந்து காணோம். நாங்கள் ஏதாவது தொந்தரவு செய்துவிட்டோமா?"

இல்லம்மா. அது ஊருக்குக் கிளம்பிவிட்டது. அவர்கள் வீடியோ எடுக்கிற இடம் பறவைகளுக்குப் பிறந்த வீடு. கடலூரும் எங்கள் புதுச்சேரியும் குளிருக்கு ஒதுங்குகிற ஊர். அங்கே வரவேற்கிற மாதத்தில் நாம் வழியனுப்புகிறோம். நமக்கு வரவு புரட்டாசி, ஐப்பசியில்தான்.

ஆறுமணிக் குருவி சைபீரியாவிலிருந்து வருவதாகச் சிலர் நினைக்கிறார்கள். அவ்வளவு தூரமெல்லாம் இல்லை. இமயமலை அடிவாரமும் மத்திய இந்தியக் காடுகளும்தான் அதன் ஊர். தென்மேற்குப் பருவமழையில் அங்கே புழு பூச்சி பெருகும்போது கூடு கட்டும். நமக்கு மழை வருகிற சமயம் இங்கே இருக்கும். பகல் நீள நீள, கிளம்ப வேண்டிய நாளை அதன் உடம்பே கணக்குப் போட்டுவிடும். கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு ராத்திரியில் பறந்துவிடும். அதனால்தான் போவதை யாரும் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் மாஞ்சருகு குவிந்து கிடக்கும். ஒரு சருகைக் கவ்வி ஓரமாக எறியும், நிற்கும், குட்டை வாலை மெதுவாக ஆட்டும், அப்புறம் அடுத்த சருகு. முதுகு பச்சை என்பதால் லேசில் கண்ணில் படாது. திரும்பினால்தான் வாலடியில் அந்தக் குங்குமச் சிவப்பு தெரியும். அந்தச் சருகைக் கூட்டிக் கொளுத்தச் சொல்லி என் மனைவியோடு வருஷா வருஷம் சண்டை. கொசு வருமாம்! கொசு தேங்கிய தண்ணீரில் வரும், காய்ந்த சருகில் வராது.

அதே குருவி மறுபடி வருமா என்றால், வரலாம். காலில் வளையம் மாட்டிப் பார்த்ததில், வலசைப் பறவைகள் பல பழைய இடத்துக்கே திரும்புவது தெரிந்திருக்கிறது. ஒரு மூலைச் சருகை மட்டும் விட்டு வையுங்கள்.

ஐப்பசியில் வந்து சேரும்போது களைத்துப்போய் சன்னல் கண்ணாடியில் மோதித் தாழ்வாரத்தில் விழுவதும் உண்டு. எங்கள் வீட்டில் ஒருமுறை விழுந்தது. ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்தோம், விடிந்ததும் திறந்தோம், நேராகச் சருகுக்குப் போய்விட்டது. வாயில் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

சரி, அடுத்த கேள்வி.