தலைகீழா யோசிக்கப் பழகின காலம்

வணக்கம் நேயர்களே. யுனிவர்சிட்டில பிரிண்ட்மேக்கிங் படிச்சேன்னு சொன்னா, ஓ அச்சகத்துல வேலையான்னுதான் நிறைய பேர் கேக்குறாங்க. அது இல்லைங்க. மரம், லினோலியம், செம்புத் தகடு, கல்லு, இதுல நம்ம கையாலயே படத்தை உருவாக்கி, இங்க் போட்டு பேப்பர்ல எடுக்குற கலை.

முதல் வருஷம் லினோகட், அதாவது லினோலியம் ஷீட்டுல செதுக்கி அச்செடுக்குறது. என் பேரை அழகா நேரா செதுக்கினேன், மூணு நாள் வேலை, அச்செடுத்துப் பாத்தா எழுத்தெல்லாம் இடம் வலமா மாறிக் கிடக்கு. அழுகையே வந்துடுச்சு. டீச்சர் திட்டல, ஒரு சின்னக் கண்ணாடியைக் கைல குடுத்து, இனிமே வரையும்போதே இதுல பாத்துக்கோன்னாங்க. அந்தக் கண்ணாடி இன்னும் என் மேஜைலதான் இருக்கு.

எனக்கு உயிர்னா எட்சிங்தான். தகடு மேல மெழுகு கலந்த ஒரு பூச்சு பூசி ஊசியால கீறணும், கீறின இடத்துல மட்டும் செம்பு தெரியும், அப்புறம் ஃபெர்ரிக் குளோரைடுல போட்டா அந்தக் கோடு மட்டும் அரிக்கும், எவ்வளவு நேரம் விடுறோமோ அவ்வளவு ஆழம், அவ்வளவு கருப்பு. பூச்சை எடுத்துட்டு, தகடு முழுக்க இங்க் தேய்ச்சு, மேல இருக்கறதைத் துணியால வழிச்சு எடுத்தா கோட்டுக்குள்ள மட்டும் இங்க் நிக்கும். ஈரமாக்கின பேப்பரை வச்சு, மேல கம்பளித்துணி போட்டு, பிரெஸ் சக்கரத்தைச் சுத்தி, ஒரு மூலைலேர்ந்து பேப்பரை மெதுவா தூக்குற அந்த நிமிஷம் இருக்கே, அப்போ ரூம்ல இருக்குறவங்க எல்லாம் கைவேலையை விட்டுட்டு வந்து எட்டிப் பாப்பாங்க.

லித்தோகிராஃப், அதாவது கல்லு மேல வரைஞ்சு அச்செடுக்குறது, வேற மாதிரி. எண்ணெயும் தண்ணியும் ஒட்டாதுங்கற ஒரே விஷயத்துல நடக்குது, 1796 வாக்குல செனஃபெல்டர்ங்கற ஜெர்மன்காரர் கண்டுபிடிச்சது. அதுல கல்லைத் தேய்ச்சு சமமாக்கவே எனக்கு அரைநாள் போயிடும்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1653ல 'மூணு சிலுவைகள்'ங்கற படத்தை ஒரு தகட்டுல செஞ்சார். பிற்பாடு அதே தகட்டைச் சுரண்டி, கோடு மேல கோடா இழுத்து, பாதி உருவங்களை இருட்டுக்குள்ள தள்ளிட்டார். இப்படி தகடு மாறுற ஒவ்வொரு கட்டத்துக்கும் ஸ்டேட்னு பேரு. பெயின்டிங்ல மேல பூசிட்டா அடில இருந்தது கண்ணுக்கே தெரியாது. இங்க ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் பேப்பர்ல சாட்சி நிக்குது. எங்க ப்ரூஃப்களையும், அதாவது நடுநடுவுல எடுத்துப் பாக்குற சோதனை அச்சுகளையும், வரிசையா சுவத்துல குத்தி வைக்கச் சொல்வாங்க, எந்த இடத்துல படம் உயிரோட இருந்துச்சு, எங்க நான் அதிகமா நோண்டி அதைக் கெடுத்தேன்னு அங்க நின்னு பாத்தா பளிச்னு தெரியும். அந்தப் படிப்புல எனக்குக் கிடைச்ச பெரிய விஷயமே இதுதான்னு சொல்வேன்.

எடிஷன், அதாவது ஒரே படத்தை இத்தனை காப்பின்னு எண்ணி எடுக்குறதுதான் பொறுமையைச் சோதிக்கும், இருபது காப்பின்னா இருபதும் ஒண்ணு போல இருக்கணும், அப்பதான் பென்சில்ல, இருபதுல மூணாவதுன்னா 3/20ன்னு நம்பர் போட்டு கையெழுத்து போட முடியும்.

இதைப் படிக்கணும்னு ஆசைப்படுற பசங்க, சேர்றதுக்கு முன்னாடி ஸ்டுடியோவை நேர்ல போய்ப் பாருங்க. பிரெஸ் எத்தனை, சாயங்காலம் எத்தனை மணி வரைக்கும் தொறந்திருக்கும், மெஷின் தெரிஞ்ச டெக்னீஷியன் கூடவே இருப்பாரா, ஆசிட் ரூம்ல புகை வெளிய போக நல்ல வழி இருக்கான்னு கூச்சப்படாம கேளுங்க. நன்றி, வணக்கம்.