எல்லோருக்கும் மூச்சு 20

(ராயபுரத்தில், செவிலியர் பயிற்சி ஆசிரியர்களும் வார்டு பொறுப்புச் செவிலியர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நைட் டியூட்டி முடித்த கையோடு நேரே இங்கு வந்திருக்கும் சகோதரிகளுக்கும், கல்லூரிகளிலிருந்து வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும், பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவ மாணவியருக்கும் வணக்கம்.

நான் பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு அது. பொது மருத்துவ வார்டு ஒன்றில் என் மாணவிகள் எழுதிய சார்ட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆறு மாணவிகள், பதினெட்டு நோயாளிகள். காய்ச்சல் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது, நாடித் துடிப்பும் வேறாக இருந்தது. மூச்சு மட்டும் பதினெட்டுப் பேருக்கும் நிமிடத்திற்கு 20. படுக்க முடியாமல் தலையணைகளை அணைத்துக்கொண்டு இரைத்தபடி உட்கார்ந்திருந்த ஆஸ்துமாக்காரருக்கும் 20தான். ஒருவர்கூட எண்ணிப் பார்க்கவில்லை. முந்தைய ஷிப்டில் இருந்ததை அப்படியே இறக்கி எழுதியிருந்தார்கள். அந்தச் சார்ட்டுகளுக்கு முந்தைய வாரம் முழுவதும் கையெழுத்துப் போட்டவள் நான். முந்தைய போஸ்டிங் (ஒரு வார்டில் பயிற்சி பெறும் காலம்) முடிவில் அதே மாணவிகளின் மதிப்பீட்டுத் தாளில் 'மிக நன்று' என்று எழுதியவளும் நான்தான்.

அன்று வெட்கப்பட்டேன். மாணவிகளை எப்படி மதிப்பிடுவது, எந்த வார்டுக்கு அனுப்புவது என்று அந்த வெட்கத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

போஸ்டிங்கின் கடைசி நாள் மதியம், முப்பது தாள்களை மேசையில் பரப்பிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் மதிப்பெண் போட்டு முடிக்கிறோமே, அப்போது நம் நினைவுக்கு வருபவர்கள் யார்? கலகலப்பாகப் பேசியவள் வருவாள். சீருடை கசங்காமல் வந்தவள் வருவாள். எதிர்த்துப் பேசி நம்மைக் கோபப்படுத்தியவனும் வருவான். ஓரத்துக் கட்டிலில் படுத்திருந்த பக்கவாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, முதுகில் புண் வராமல் காத்த அமைதியான பெண் நினைவுக்கு வரமாட்டாள். அவளுக்குப் பத்துக்கு ஆறு போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்துவிடுவோம்.

விதிகள் இல்லாமல் இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில், பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும் என்கிறது. பட்டம் பெறுவதற்கு முன் ஒவ்வொரு செய்முறைப் பிரிவிலும் வருகை 100 சதவீதம் ஆகியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல விதிகள்தான். ஆனால் அவள் வார்டில் இருந்தாள் என்பதை மட்டுமே வருகைப் பதிவேடு சொல்லும். அங்கே அவள் கை என்ன செய்தது என்பதை, பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் மருத்துவ ஆசிரியர் ரொனால்டு ஹார்டன் அறிமுகப்படுத்திய ஓஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வை இப்போது நாமும் நடத்துகிறோம். வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு வேலை, எல்லோருக்கும் ஒரே கேள்வி. பாரபட்சத்துக்கு இடமில்லாத முறை அது, எனக்குப் பிடிக்கும். இருந்தாலும் அங்கே இருக்கும் பொம்மை ஊசியைக் கண்டு கையை இழுத்துக்கொள்வதில்லை. "நேத்து வந்த பொண்ணு குத்திக் குத்தி வீங்க வச்சுட்டா, நீ வேண்டாம்" என்று சொல்வதில்லை. அந்தக் கோபத்தைத் தணித்துவிட்டு நரம்பைத் தேடும் பெண்ணை வார்டில் மட்டுமே பார்க்க முடியும். ஒரு மாணவியை வாரத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு வேலையை முதலிலிருந்து கடைசிவரை செய்யும்போது குறுக்கே பேசாமல் பாருங்கள். பார்த்ததை அன்றே அவளிடம் தனியாகச் சொல்லுங்கள். நோயாளியின் காதில் விழும்படி சொல்லாதீர்கள்.

இன்னொன்று, இரக்கம். வடசென்னையில் நம்மிடம் வரும் பிள்ளைகளில் பலர் வீட்டின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார், அம்மா மீன் விற்கிறார், கல்விக் கடன் வேறு. "பாவம், விட்டுவிடலாம்" என்று தேர்ச்சி போடுகிறோம். மருந்தளவுக் கணக்கு வராத பெண்ணைத் தேர்ச்சி போட்டு அனுப்பினால், நாளை நைட் டியூட்டியில் அவள் தனியாக நின்று அந்தக் கணக்கைப் போட வேண்டிவரும். இரக்கம் இருந்தால் இன்றே பக்கத்தில் உட்கார்ந்து பத்துக் கணக்குப் போட வைப்போம்.

அடுத்தது, யாரை எங்கே அனுப்புவது. அறுபது நோயாளிகளுக்கு இரண்டு சிஸ்டர்கள் இருக்கும் வார்டில் மாணவிகள் வந்தால் பொறுப்புச் செவிலியருக்கு மூச்சு வருகிறது. அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோவதிலும், ஸ்டோரிலிருந்து குளுக்கோஸ் பாட்டில் தூக்கி வருவதிலும் ஒரு மாதம் ஓடிவிட்டால், அந்தப் பெண் அந்த வார்டில் படித்தவள் ஆகமாட்டாள். ஒரே பிரசவ வார்டு போஸ்டிங்கில் ஒருத்தி பதினைந்து பிரசவம் பார்த்திருப்பாள், இன்னொருத்தி மூன்றுதான் பார்த்திருப்பாள். ஆண்டு தொடக்கத்தில் தட்டச்சு செய்து ஒட்டிய, யார் எப்போது எந்த வார்டு என்று சொல்லும் ரொட்டேஷன் அட்டவணைக்கு இது தெரியாது.

நம் பகுதியில் கிடைப்பது போன்ற பயிற்சிக் களம் எல்லோருக்கும் வாய்க்காது. 1782-ல் பஞ்சத்தில் வாடியவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் வேர்விட்டது ஸ்டான்லி மருத்துவமனை. இங்குள்ள பெரியவர்களுக்கு அது கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரிதான். இயந்திரத்தில் விரல் சிக்கியவர்கள் அங்குள்ள கை அறுவை சிகிச்சைப் பிரிவைத் தேடி வருகிறார்கள். பிரசவத்துக்கு ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை, தொற்று நோய்க்குத் தண்டையார்பேட்டை மருத்துவமனை. இவ்வளவும் பக்கத்திலேயே இருக்க, ஒரு மாணவி எதைப் பார்க்காமல் படிப்பை முடித்தாலும் அது நாம் அனுப்பிய விதத்தின் குறைதான்.

காசிமேட்டு மீனவர் தெருக்களில் வீடு வீடாகப் போய்க் குடும்பங்களின் நலம் விசாரிக்கும் பயிற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி பஸ் காலை பத்து மணிக்கு வருவதால் பிள்ளைகளும் பத்து மணிக்குத் தெருவில் இறங்குகிறார்கள். விடியும் முன்பே ஏலத்தில் மீன் எடுத்த பெண்கள் அந்நேரம் கூடையோடு சந்தையில் இருக்கிறார்கள். மாணவி பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னதை வைத்துப் படிவத்தை நிரப்புகிறாள். அதற்கும் மதிப்பெண் போடுகிறோம். பிற்பகலில் அனுப்பிப் பாருங்கள். கூடையை இறக்கி வைத்த அம்மா திண்ணையில் இருப்பார், கர்ப்பமாக இருக்கும் மகளும் இருப்பாள். இரும்புச்சத்து மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொல்லி, எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு மாணவியைப் பற்றி. எழுத்துத் தேர்வில் சுமார்தான். ஆனால் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல வைத்துக்கொண்டு, நோயாளிக்குத் தெரியாமல் ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுவாள். குழந்தைகளைத் தொட மட்டும் பயம். இரண்டையும் என் நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அறுவை சிகிச்சை வார்டுக்குப் போக வேண்டியவளை, பொறுப்புச் செவிலியரிடம் கெஞ்சிக் குழந்தைகள் வார்டில் இரண்டு வாரம் போட்டேன்.

நான்காம் நாள், எட்டு மாதக் குழந்தை ஒன்று அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. காலைச் சார்ட்டில் மூச்சு 30. இவள் சட்டையை மெல்ல விலக்கி, கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். 56. மீண்டும் எண்ணினாள். 54. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50-ம் அதற்கு மேலும் போனால் அது வேகமூச்சு, நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். அவளுக்கு அது தெரிந்திருந்தது. யாரையும் கேட்காமல் டியூட்டி டாக்டரிடம் நடந்தாள். அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அந்தச் சார்ட்டில் கையெழுத்துப் போடும் முன், நானும் கட்டிலருகே குனிந்து ஒரு நிமிடம் எண்ணினேன். 54.