தீ வரும் முன் கொக்கியைக் கழற்றுங்கள்

(வடக்குக் கலிஃபோர்னியாவில் தமிழ் மன்றம் ஒன்றின் கோடைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, மன்றத்தின் செயற்குழு உறுப்பினர்களே, நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் தீயணைப்புத் துறை கேப்டன் அவர்களே, எனக்குப் பின் பேசவிருக்கும் கால்நடை மருத்துவர் அம்மா அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முதலில் தலைவர் ஐயாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். சனிக்கிழமைதோறும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர். பட்டிமன்றமும் கவியரங்கமும் நடக்கும் இந்த மேடையில் நாயைப் பற்றிப் பேச இடம் கேட்டேன். தயங்காமல், "தாராளமாகப் பேசுங்கள்" என்றார். அந்தப் பெரிய மனசுக்கு என் வணக்கம். கேப்டன் அவர்களுக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் இருக்கும் தம்பி காதோடு மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். தம்பி, அவரிடம் சொல்லுங்கள்: தீக்காலம் தொடங்கிவிட்ட நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்காக ஒதுக்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத் தெரியும். மருத்துவர் அம்மாவைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. இந்த அரங்கில் இருப்பவர்கள் வீட்டுச் செல்லங்களில் பாதிக்கு அவர் கையால்தான் ஊசி. மதியச் சாப்பாட்டுக்குப் பொறுப்பேற்ற குடும்பத்தினருக்கும் நன்றி. பின்னாலிருந்து சாம்பார் வாசனை வருகிறது, அதனால் விஷயத்துக்கு வருகிறேன்.

"தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே" என்ற பழமொழியை எந்த மேடையிலும் நான் சொல்லாமல் விடுவதில்லை. வருமான வரியைப் பற்றிப் பேசினாலும் சொல்வேன், இன்றைக்கும் சொல்கிறேன். காட்டுத்தீ நேரத்தில் கட்டிப்போட்ட நாய்களுக்கு நடப்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, சட்டம். இரண்டு, முகாம்கள். மூன்று, பக்கத்து வீடு.

சட்டத்தில் தொடங்குகிறேன். அதற்கு உங்களை ஃப்ளோரிடாவுக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே வந்தது தீ இல்லை, புயல். ஆனால் நாய்க்கு நடந்தது ஒன்றுதான்.

2024 அக்டோபர் 9, புதன்கிழமை. மில்டன் சூறாவளி அன்று இரவு கரையைத் தொடப் போகிறது. டாம்பா பக்கத்து மக்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். இன்டர்ஸ்டேட் 75 நெடுஞ்சாலை. மழை. சாலையோரம் புல்தரை, அதற்கப்பால் வேலி. அந்த வேலியில் ஒரு நாய். புல் டெரியர் வகை. புல்தரை முழுக்கத் தண்ணீர்; நாயின் வயிற்றைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கிறது. ஓட முடியாது, கட்டியிருக்கிறார்கள். படுக்க முடியாது, படுத்தால் மூழ்கிவிடும். நின்றுகொண்டே இருக்கிறது.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்தச் சாலையில் எத்தனை கார்கள் போயிருக்கும்? ஒவ்வொரு காரிலும் அவரவர் பயம், அவரவர் குழந்தை. நான் யாரையும் குறை சொல்லவில்லை. கடைசியில் நெடுஞ்சாலை ரோந்துக் காவலர் ஒருவர் வண்டியை நிறுத்தி, தண்ணீருக்குள் இறங்கி நடந்தார். அவர் சட்டையில் இருந்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் நெருங்க நெருங்க அந்த நாய் உறுமுகிறது. குழந்தைகளே, ஏன் உறுமியது தெரியுமா? கோபத்தில் இல்லை. கடைசியாக அதன் அருகில் வந்த மனிதர் அதைக் கட்டிவிட்டுப் போனவர். அடுத்து வருகிறவரை அது எப்படி நம்பும்? காவலருக்கு அது புரிந்தது. உன்மேல் தப்பில்லை என்பதுபோல் மெதுவாகப் பேச்சுக் கொடுக்கிறார். பேசிக்கொண்டே அதை மீட்டுக் கொண்டுவந்தார். அந்த நாய்க்கு ட்ரூப்பர் என்று பெயர் வைத்தார்கள். அங்கே ரோந்துக் காவலரை அப்படித்தான் அழைப்பார்கள். பிறகு அதற்கு ஒரு நல்ல வீடும் கிடைத்தது. (கைதட்டல்)

கைதட்டுங்கள், தட்ட வேண்டிய இடம்தான். கதை அதோடு முடியவில்லை. நாயின் சொந்தக்காரரைக் கண்டுபிடித்து வழக்குப் போட்டார்கள். ஃப்ளோரிடா சட்டமன்றம் ட்ரூப்பர் சட்டம் என்றே ஒன்றை நிறைவேற்றியது. 2025 மே மாதம் ஆளுநர் கையெழுத்திட்டார், அக்டோபர் 1 முதல் நடைமுறை. இயற்கைப் பேரிடர் நேரத்தில் நாயை வெளியே கட்டிப்போட்டுவிட்டுப் போனால் அது இப்போது அங்கே கடுங்குற்றம். 5 ஆண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம்.

அந்தச் சொந்தக்காரர் என்ன சொன்னதாகச் செய்தி வந்தது தெரியுமா? நாயை ஒப்படைக்க ஆள் கிடைக்கவில்லை என்றாராம். அவர் செய்ததற்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆள் கிடைக்கவில்லை. நான் பிரசாரம் செய்துகொண்டிருப்பது முழுக்க அந்த வார்த்தைக்கு எதிராகத்தான்.

நம் கலிஃபோர்னியாவிலும் சட்டம் இருக்கிறது. நாயை ஓரிடத்தில் கட்டிப்போடுவதானால் ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது 2007 முதல் இங்கே பொது விதி. எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள் பார்ப்போம். நான்கைந்து கைதான். வேலைக்குக் கிளம்பும்போது காலையில் கட்டிவிட்டு மாலையில் அவிழ்ப்பதே சட்டப்படி தப்பு. அது தெரியாது என்று இனி இங்கே யாரும் சொல்ல முடியாது. ஃப்ளோரிடா போட்ட கடுமை எல்லா மாநிலத்துக்கும் வர வேண்டும் என்பது என் கோரிக்கை. ஆனாலும் சட்டம் எப்போது வருகிறது? நாய் செத்த பிறகு வழக்காக வருகிறது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான் அதுவும்.

ஏனென்றால் தீயில் நாய் சாவது பெரும்பாலும் கொடுமைக்காரர்களால் இல்லை. நம் வடக்குக் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 8, வியாழக்கிழமை. காலை ஆறரை மணி வாக்கில் புல்கா அருகே மின்கம்பியிலிருந்து தீப்பொறி. எட்டு மணிக்கெல்லாம் தீ ஊருக்குள் வந்துவிட்டது. 85 பேர் இறந்தார்கள், 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. வேலை நாள் காலை எட்டு மணிக்கு நாமெல்லாம் எங்கே இருப்போம்? ஒருவர் ஆபீஸ் போயிருப்பார், ஒருவர் பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை இறக்கிக்கொண்டிருப்பார். செய்தி கேட்டுத் திரும்பினால் போலீஸ் சாலையை அடைத்திருக்கும். நாய் வீட்டில். நீங்கள் தடுப்புக்கு இந்தப் பக்கம். அழுதாலும் விட மாட்டார்கள், விடவும் கூடாது.

அதே ஊரில் மேடிசன் என்றொரு காவல் நாய். சொந்தக்கார அம்மா அன்று வெளியே போயிருந்தார், திரும்ப முடியவில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து அவரை உள்ளே விட்டபோது வீடு இல்லை, சாம்பல்தான். மேடிசன் இருந்தது, அந்த இடத்தைக் காத்துக்கொண்டு. நடுவில் ஒரு தன்னார்வலர் போய்ப் போய்ச் சோறும் தண்ணீரும் வைத்துவிட்டு வந்திருக்கிறார். அதற்கு முந்தின வருஷம், 2017 அக்டோபரில், சோனோமா பக்கம் டப்ஸ் தீ. ஓடின் என்ற நாய் தன் பொறுப்பில் இருந்த ஆடுகளை விட்டு வர மறுத்துவிட்டது. குடும்பத்துக்கு இருந்தது சில நிமிடங்கள், வேறு வழியில்லாமல் விட்டுப் போனார்கள். சில நாள் கழித்து வந்து பார்த்தால் மயிர் பொசுங்கி, நொண்டிக்கொண்டு, ஓடின் அங்கேயே நிற்கிறது. ஆடுகளும் பிழைத்திருந்தன. இந்த இரண்டு நாய்க்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். கழுத்தில் சங்கிலி இல்லை. தீ திரும்பிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அவற்றால் நகர முடிந்தது.

சங்கிலி இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தென்கொரியா 2025 மார்ச்சில் பார்த்தது. உயீசோங்கில் தொடங்கிய தீ காற்றோடு ஆண்டோங், யோங்டோக் வரை போனது. கிராமத்து முற்றங்களில் நாயைக் குட்டைச் சங்கிலியில் கட்டி வளர்ப்பது அங்கே பழைய வழக்கம். சங்கிலி 2 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதியே உண்டு. தீயின் முன்னால் 2 மீட்டர் எந்த மூலைக்கு? ஊரில் இருந்தவர்கள் வயதானவர்கள், இரவில் அவசரமாகப் பஸ் ஏற்றிக் கொண்டுபோனார்கள். பொது முகாமுக்குள் நாய்க்கு இடமில்லை என்பது அரசு வழிகாட்டுதல். பிறகு உள்ளே போன மீட்புக்காரர்கள் கட்டின இடத்திலேயே கிடந்த நாய்களைப் பார்த்தார்கள். குட்டிகளோடு கட்டிக்கிடந்த ஒரு தாய் நாயைத் தீக்காயங்களோடு உயிரோடு மீட்டார்கள்.

இதோ, என் கையில் இருப்பது நாம் கடையில் வாங்குகிற சாதாரணச் சங்கிலி. ஒரு குளிர்காலம் முழுக்க மழையில் கிடந்தது. தலைவர் ஐயா, மன்னிக்க வேண்டும், இந்தக் கொக்கியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். கட்டை விரலால் அழுத்துங்கள். நகரவில்லை, பார்த்தீர்களா? உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்துவிட்டது. வெளிச்சத்தில், நிதானமாக, நாய் இல்லாமல் திறக்கிறபோதே இந்தக் கதி. புகையில், கை நடுங்க, நாய் இழுத்துக்கொண்டிருக்கும்போது யார் திறப்பது? இரும்பு சூடேறினால் தொடவே முடியாது. நைலான் கயிறு என்றால் உருகித் தோலோடு ஒட்டும்.

முகாம்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கத்ரீனா புயலுக்குப் பிறகு 2006இல் வந்த மத்தியச் சட்டம், பேரிடர்த் திட்டத்தில் செல்லப்பிராணிகளையும் சேர்க்கச் சொல்கிறது. அதை மருத்துவர் அம்மா விரிவாகச் சொல்வார். நான் பக்கத்து வீட்டுக்குப் போகிறேன்.

நான் கேட்பது இது. தெருவில் இரண்டு இரண்டு வீடாகச் சேருங்கள். தமிழ் வீடாக இருக்க வேண்டும் என்பதில்லை. பகலில் வீட்டில் இருக்கும் பெரியவர் உள்ள வீடு என்றால் இன்னும் நல்லது. உங்கள் சாவி அவர்களிடம், அவர்கள் சாவி உங்களிடம். உங்கள் நாய்க்கு அவர்களைப் பழக்குங்கள். மாதத்துக்கு ஒரு தடவை அவர்கள் கையால் பிஸ்கட் கொடுத்து, கழுத்துப்பட்டையைப் பிடித்து, அவர்கள் காரில் ஏற்றி இறக்குங்கள். பழகாத கையைப் பயந்த நாய் கடிக்கும், ட்ரூப்பர் உறுமியது ஞாபகம் இருக்கட்டும். வாசல் கதவுக்கு உள்பக்கம் ஒரு அட்டை: நாயின் பெயர், மைக்ரோசிப் எண், மருந்து, டாக்டர் போன், எந்த மூலையில் ஒளிந்துகொள்ளும் என்ற விவரம். கடைசி விவரம்தான் மிக முக்கியம். புகை வந்தால் பயந்த நாய் கட்டிலுக்கு அடியிலோ வேறெங்கோ போய் ஒளிந்துகொள்ளும்.

வெளியேற்ற உத்தரவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதற்கு முன்னால் வரும் எச்சரிக்கையிலேயே, விலங்கு வைத்திருப்பவர்கள் கிளம்பிவிட வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். கேப்டன் தலையாட்டுகிறார் பாருங்கள். 2025 ஜனவரி 7 மாலை லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஈட்டன் தீ தொடங்கியது. மேற்கு அல்டடீனாவுக்கு உத்தரவு போய்ச் சேர்ந்தது விடியற்காலை மூன்றரை மணி வாக்கில். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ஜன்னலைத் தட்டுவதற்கு ஆள் இருந்தால் மனிதரும் பிழைப்பார், நாயும் பிழைக்கும். நாய்க்காக நான் கேட்கும் இதே ஏற்பாடு தனியாக இருக்கும் பாட்டிக்கும் உதவும். அதனால்தான் தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கூட்டிப்போவதுதான் முதல் வழி. அதற்கு வழியே இல்லாமல் போனால் கட்டிவைத்துவிட்டோ கூண்டில் பூட்டிவிட்டோ போகாதீர்கள். கவுன்ட்டியின் விலங்குப் பாதுகாப்புப் பிரிவைக் கூப்பிட்டு, நாய் எந்த வீட்டில் இருக்கிறது என்று உடனே சொல்லுங்கள்.

பின்மேசையில் தெருவாரியாகத் தாள் வைத்திருக்கிறோம். சாப்பிடப் போகும் முன் உங்கள் பெயரை எழுதுங்கள், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதையும் எழுதுங்கள். மலையடிவாரத்துக் கடைசி வீடுகளில் இருப்பவர்கள் முதலில் வாருங்கள். ஜோடி அமையாதவர்களுக்கு நான் தேடித் தருகிறேன். பக்கத்திலேயே புதுக் கழுத்துப்பட்டைகள் இருக்கின்றன, இலவசம்தான். துருப்பிடித்த சங்கிலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். மருத்துவர் அம்மா, வாங்க, மைக் உங்களுக்கு. எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.